ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலியாகிற வீடு

1

நான் குடியிருக்கும் ஜெர்மன் ஊரில், ஒரே கட்டடத்தில் இருக்கும் குடித்தனக்காரர்கள் முறை வைத்துப் படிக்கட்டு கூட்டுவார்கள். யாருடைய வாரமோ அவர்கள் வீட்டுக் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் படிகள், கீழ்நடை, குப்பைத் தொட்டி நிற்கும் இடம் எல்லாவற்றையும் கூட்டித் துடைத்துவிட்டு, பலகையை எதிர்வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். வந்த புதிதில் எனக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. இயந்திரக் கருவிகள் வடிவமைக்க வந்த இன்ஜினியர் துடைப்பத்தோடு நிற்பதா என்று மனைவியிடம் பொருமினேன். இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது, மனைவியும் இல்லை. ஆனால் என் வாரத்தில் ஜன்னல் விளிம்பு வரை பளிச்சென்று இருக்கும். கீழ்வீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவாள். இந்த ஊரில் அதுதான் பாராட்டு விழா.

முப்பது வருடத்துக்கு மேலாக இதே வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். ஒருமுறை வீட்டுக்காரர், தன் மகனுக்கு வீடு வேண்டும், காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் அனுப்பினார். இந்த நாட்டுச் சட்டம் குடியிருப்பவன் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. என் மகள் வித்யா பள்ளிக்கூடம் போகிறாள், படிப்பின் நடுவில் அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவேன் என்று மூன்று பக்கம் பதில் எழுதினேன். எழுத்துப் பிழைகள் ஏராளமாக இருந்திருக்கும். வீட்டுக்காரர் விட்டுவிட்டார். இங்கே புதிதாக வேலைக்கு வருகிற தமிழ்ப் பையன்களிடம் இந்தக் கதையைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். "பயப்படாதீங்க தம்பி, குடியிருக்கறவனை அவ்வளவு சுலபமா கிளப்ப முடியாது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

இப்படிப் பேசுகிற வாடகைக்காரனுக்கு ஓசூரில் சொந்த வீடு ஒன்று இருக்கிறது. அங்கே நான் எப்படிப்பட்ட வீட்டுக்காரனாக இருந்தேன் என்பதைத்தான் எழுத வந்தேன்.

2

ராயக்கோட்டை சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் குடியிருப்பு எங்களுடையது. அப்பா கேழ்வரகும் கொள்ளும் விதைத்த நிலம். நாங்கள் படித்த காலத்தில் ஓசூர் என்றால் பெங்களூர் போகிற பஸ் டீ குடிக்க நிற்கும் ஊர், அவ்வளவுதான். கல்லூரியில் என் ஊர்ப்பெயரைச் சொன்னால், "அது தமிழ்நாட்டிலயா இருக்கு?" என்று கேட்டவர்கள் உண்டு.

இன்று எல்லோருக்கும் தெரியும். முதலில் தொழிற்பேட்டைக்குத் தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து ஃபிட்டர்கள் வந்தார்கள். பிறகு மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர்க் குடும்பங்கள். அவர்கள் மனை வாங்கி, கீழே தாங்கள் இருந்துகொண்டு மேலே இரண்டு மாடி எழுப்பி வாடகைக்கு விட்டார்கள். பெங்களூர் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள். இப்போது காலையில் தெருமுனையில் நின்றால், கம்பெனி பஸ்ஸுக்காக வரிசையில் நிற்பவர்களில் முக்கால்வாசி இளம்பெண்கள். ஒடிசா, பீகார் ஆட்களும் இருக்கிறார்கள். காய்கறி வண்டிக்காரர் தமிழில் விலை சொல்லி, கன்னடத்தில் பேரம் பேசி, தெலுங்கில் சலித்துக்கொண்டு, இந்தியில் சில்லறை கேட்கிறார்.

இன்னொன்றையும் கவனித்தேன். முன்பெல்லாம் பொங்கல் வந்தால் எங்கள் தெரு வெறிச்சோடிவிடும். ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு அவரவர் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். இப்போது பலர் போவதில்லை. அப்பா அம்மாவை இங்கே வரவழைத்துக்கொள்கிறார்கள். பிழைக்க வந்த இடம் என்பது போய் ஊராகிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? "வீடு வாடகைக்கு, ஃபேமிலிக்கு மட்டும்" என்று எழுதிய அட்டை கேட்டில் ஒரு நாளுக்கு மேல் தொங்கினால் அதிசயம். இதையெல்லாம் இங்குள்ள ஜெர்மன் நண்பர்களிடம் படம் காட்டிப் பெருமையடித்திருக்கிறேன். இன்றைக்கும் அடிப்பேன்.

அந்தத் தெருவில், கீழ்த்தளத்தில் இரண்டு படுக்கையறையோடு இருக்கும் என் வீட்டைத்தான் பத்து வருடமாகப் பூட்டி வைத்திருந்தேன். மாடி என் தம்பியுடையது. அவன் காலமான பிறகு அவன் மனைவி கௌரம்மா மட்டும் மாடியில் இருக்கிறாள். தளிப் பக்கத்துப் பெண், வீட்டில் கன்னடம் பேசி வளர்ந்தவள். என்னை "பாவா" என்பாள். எங்கள் பக்கத்தில் கணவனின் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்று வாரம் போவேன். ஓய்வு பெற்றதும் நிரந்தரமாகத் திரும்பிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றும் பல காலம் ஆயிற்று. வீடு பூட்டியே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கௌரம்மாவுக்கு வீடியோ கால் போடுவேன். அவள் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, கூடம், அறைகள், சமையல்கட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டுவாள். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று காட்டச் சொல்வேன். போன வருடம் ஆனி மாதத்திலிருந்து வீடு தனிக் களையோடு இருந்தது. ஒட்டடை இல்லை, தரை மின்னியது, ஜன்னல் கம்பியில் தூசி இல்லை. "உன்னை மாதிரி வீட்டைப் பார்த்துக்க யாரும் இல்லம்மா" என்று புகழ்ந்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அடக்கம் என்று நினைத்தேன்.

3

மார்ச் மாதக் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். இந்த வருடமும் தள்ளினார்கள். வழக்கம்போலப் பதினோரு மணிக்குக் கூப்பிட்டேன். ஓசூரில் குளிர்காலம் முழுதும் மூன்றரைக்கு வந்த கால், அன்று இரண்டரைக்கே போய்விட்டது.

"என்ன பாவா, மணி ரெண்டரைதானே ஆவுது, அதுக்குள்ள கூப்டறீங்க?"

"இங்கே பதினொண்ணும்மா. கடிகாரத்தை மாத்திட்டாங்க. வீட்டைக் காட்டு."

"சாவி எங்க வெச்சேன்னு தெரியல. இருங்க, தேடறேன்."

நெடுநேரம் தேடினாள். போனில் அவள் வீட்டு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே கதவுகள் அடித்துச் சாத்தும் சத்தம் லேசாகக் கேட்டது. பிறகு இறங்கிப்போய்க் கூடத்தைக் காட்டினாள். சுத்தமாக இருந்தது. அடுத்து சமையல்கட்டுக்குப் போ என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அங்கிருந்து குக்கர் ஒரு விசில் அடித்தது. அடுப்பை அணைத்த பிறகும் கடைசியாக ஒன்று வருமே, அந்த விசில்.

"அது என்ன சத்தம்?"

"பக்கத்து வீடு, பாவா."

"பக்கத்து வீட்டுக் குக்கர் நம்ம சமையல்கட்டுல எப்படிம்மா விசிலடிக்கும்?"

அவள் பதில் சொல்வதற்குள் மூடிய அறைக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "கௌரி ஆச்சி, இன்னும் ஒளிஞ்சிருக்கணுமா? எனக்குப் பசிக்கி."

கௌரம்மா போனைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினாள். "சரி பாவா. ஆள் வெச்சிருக்கேன். போன ஆனியிலேருந்து. சொன்னா வேணாம்னுவீங்க, அதுக்கோசரம் சொல்லல. வாடகை உங்க பேங்க்கிலதான் போட்டுக்கினு வர்றேன். நீங்கதான் பாக்கறதே இல்ல."

மூன்று பெண்களும் ஒரு குழந்தையும். குழந்தை தன்ஷிகாவின் அம்மா இசக்கி, தென்காசிப் பக்கம். கணவன் விட்டுப் போய்விட்டான். பெண்கள் ஹாஸ்டலில் குழந்தையைச் சேர்க்க மாட்டார்கள். துணையில்லாத பெண், அதுவும் ஷிப்ட் வேலை என்றால் வீட்டுக்காரர்கள் கேட்டோடு அனுப்பிவிடுவார்கள். ஆகவே அவள் தன்னோடு வேலை செய்யும் இருவரைச் சேர்த்துக்கொண்டாள். ஒருத்தி சாமல்பட்டி மேகலா, இன்னொருத்தி ஒடிசாக்காரி சுனிதா. கம்பெனியில் தோழிகள் எல்லோரும் ஒரே ஷிப்ட் வேண்டும் என்று கேட்டு வாங்குவார்கள். இவர்கள் மூவரும் சூப்பர்வைசரிடம் போய், எங்களை மூன்று வேறு வேறு ஷிப்ட்டில் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எந்த நேரமும் ஒருத்தியாவது குழந்தையோடு வீட்டில் இருப்பதற்காக. ஞாயிறு விடுமுறையில் மட்டும் மூவரும் ஒன்றாக இருப்பார்கள். அன்றுதான் என் கால் வரும். பாய், பாத்திரம், துணிமணி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார்கள்.

4

நான் அன்று சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். "ஷிப்ட்டுக்குப் போற பொம்பளைங்க. கண்ட நேரத்துல வருவாங்க, கண்ட நேரத்துல போவாங்க. வீட்டுப் பேரு என்னாகறது? ஒரு மாசத்துல காலி பண்ணச் சொல்லு."

"கண்ட நேரம் இல்ல பாவா" என்றாள் கௌரம்மா. "ஆறு மணி, ரெண்டு மணி, பத்து மணி. நீங்களும் இங்க வேலையில இருந்தப்ப அப்படித்தானே போனீங்க? அப்ப வீட்டுப் பேரு கெட்டுப்போச்சா?"

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. முனிராஜ் என்ற வீட்டு புரோக்கரைக் கூப்பிட்டு, ஏதாவது கம்பெனிக்கு கெஸ்ட் ஹவுஸாக விட முடியுமா என்று கேட்டேன். "சார், கொத்திக்கினு போவாங்க சார்" என்றான். யாருக்கும் விடக்கூடாது என்று பத்து வருடம் பூட்டி வைத்தவன், அந்தப் பெண்களை வெளியே அனுப்புவதற்காக ஒரே நாளில் வாடகைக்கு விடத் தயாரானேன். வீடு என் பிரச்சினை இல்லை என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஹாம்பர்க்கில் இருக்கும் வித்யாவிடம் சொன்னேன். அவளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். என் வீட்டை "உங்க மியூசியம்" என்பாள்.

"உங்க மியூசியத்துக்கு கடைசியில ஆள் வந்துட்டாங்களா, அப்பா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "என் ஸ்கூலுக்காக நீங்க மூணு பக்கம் லெட்டர் எழுதினீங்க. அந்தக் குட்டிப் பொண்ணுக்கு யாரு எழுதுவாங்க?" என்று கேட்டாள்.

போனை வைத்துவிட்டேன். மகளின் கேள்வியால் மனம் மாறினேன் என்று எழுதினால் படிப்பவர்களுக்கு நன்றாக இருக்கும். மாறவில்லை. அவர்கள் காலி செய்கிறார்களா என்று நேரில் பார்க்க டிக்கெட் போட்டேன்.

5

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் என்னிடம் இந்தியில் பேசினார். நான் தமிழில் வழி சொன்னேன். இந்தத் திருப்பமா என்று அவர் கேட்டதற்கு, பழக்க தோஷத்தில், ஆமாம் என்பதற்கு ஜெர்மனில் "கெனாவ்" என்று சொல்லிவிட்டேன். அவர் அதைக் கன்னடம் என்று எடுத்துக்கொண்டு வீடு வரை கன்னடத்திலேயே பேசினார். சொந்த ஊரில் என்னை உள்ளூர்க்காரன் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை, நான் தங்கியிருந்த மாடிக்கு முனிராஜ் வந்தான். இருவரும் கீழே போனோம். கதவைத் திறந்தவள் இசக்கி. இரவு ஷிப்ட் முடிந்து வந்து கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒருத்தி காலை ஷிப்ட்டுக்குப் போயிருந்தாள். மற்றவள் கூடத்து மூலையில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார், உக்காருங்க" என்றாள் இசக்கி. குரலில் பயமோ பணிவோ இல்லை. "வேற வீடு பாத்துட்டோம். ஒண்ணாந்தேதி போயிருவோம்."

"எங்கம்மா கெடச்சுது?" என்றான் முனிராஜ்.

"சானமாவு பக்கம்."

"காட்டை ஒட்டியா? அங்க ஆனை வருமேம்மா!"

"ஆனை அட்வான்ஸ் கேக்காதுல்லா அண்ணாச்சி? புருசன் எங்கன்னும் கேக்காது."

போர்வைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. முனிராஜும் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை.

"கம்பெனி பஸ் அங்கே வருமா?" என்று கேட்டேன்.

"வராது சார். ரோட்டுக்கு நடந்து வரணும். அதான் பாப்பாவை ஊருக்கு அனுப்பிருதேன். எங்க அம்மா பாத்துக்கிடுவா. நான் மாசத்துக்கு ஒருக்கா போய்ப் பாத்துக்கிடுதேன்." சொல்லிக்கொண்டே பின்னலை இறுக்கி ரிப்பன் கட்டினாள். குழந்தைக்கு விஷயம் தெரியும் போலிருந்தது. அது திரும்பி என்னைப் பார்க்கவேயில்லை.

பிறகு இசக்கி அலமாரி மேலிருந்து ஒரு சாவியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இது உங்க ரூம் சாவி. நாங்க அதுல ஒருநாளும் படுத்ததில்ல. ஞாயித்துக்கிழமை மட்டும் தொறந்து பெருக்குவோம்."

திறந்து பார்த்தேன். என் கட்டில். சலவை செய்த விரிப்பு. மனைவியின் ஸ்வெட்டர் மடித்து, பூச்சி வராமல் வேப்பிலை வைத்திருந்தது. வீட்டிலேயே பெரிய அறை, வெளிச்சமான அறை அதுதான். நான்கு பேர் அதைத் தொடாமல் கூடத்திலும் சின்ன அறையிலும் மாறி மாறிப் படுத்திருக்கிறார்கள். அவர்களை நான் கண்ட நேரத்தில் வருகிறவர்கள் என்றேன். ஒவ்வொரு ஞாயிறும் நான் புகழ்ந்த தரையைத் துடைத்தவர்கள் அவர்கள். துடைத்துவிட்டு, நான் பார்ப்பதற்குள் ஒளிந்துகொண்டவர்கள்.

முனிராஜ் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "சார், இந்த ரூமுக்கு மட்டும் ரெண்டு இன்ஜினியர் போடலாம் சார்."

"நீ போ முனிராஜ். நான் அப்புறம் கூப்பிடறேன்."

அவன் போனதும் இசக்கியிடம், "நீங்க எங்கேயும் போக வேண்டாம்மா. இங்கேயே இருங்க" என்றேன். அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"இல்ல சார். இன்னைக்கு இருன்னு சொல்லுவீங்க. நாளைக்கு அங்க போயி ஒரு போன் போட்டு எந்திரின்னு சொல்லுவீங்க. நாங்க பெட்டியைக் கட்டிட்டுக் கட்டிட்டு அவுக்க முடியுமா?"

"நான் பேசினது தப்பு."

அவள் போர்வைக்குள் இருந்தவளைக் காட்டினாள். "அத இவளுகட்டயும் சொல்லணும் சார். மூணு பேரும் கலந்துக்கிட்டுத்தான் முடிவு சொல்ல முடியும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க."

6

அந்த ஞாயிறு வரை காத்திருந்தேன். ஜெர்மனியில் முதன்முதலாக வீடு தேடியபோது, சம்பளச் சீட்டையும் நன்னடத்தைக் கடிதத்தையும் கோப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் வாசலில் வரிசையில் நின்றிருக்கிறேன். இந்த முறை கையில் கோப்புகூட இல்லை.

"என்ன பாவா, வெயிட்டிங் லிஸ்ட்டா?" என்றாள் கௌரம்மா.

"நீயும் சேர்ந்துக்கிட்டு கிண்டல் பண்ணு."

"கிண்டல் இல்ல பாவா. உங்க தம்பி போன அப்பறம் இந்த வூட்ல பேச்சு சத்தமே இல்ல. அந்தக் கொழந்தை வந்துதான் நான் ரெண்டு வேளை சாப்பிட ஆரம்பிச்சேன். அத உங்ககிட்ட எப்பிடி சொல்றது? வூடு பூட்டியே இருக்கணும்ங்கறீங்க." அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள். வாரா வாரம் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். ஆனால் கேட்டதெல்லாம் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதுதான்.

ஞாயிறு மத்தியானம் கீழே போய் மூவரும் இருக்கும்போது மன்னிப்புக் கேட்டேன். மேகலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுனிதா நல்ல ஓசூர்த் தமிழில், "பரவால்ல சார், எங்க பாட்டனும் இப்பிடித்தான் கத்துவாரு" என்றாள். நான் மாடிக்கு வந்துவிட்டேன். கீழே நெடுநேரம் பேசினார்கள். ஒரு கட்டத்தில் சத்தம் உயர்ந்தது. மேகலா போகலாம் என்கிறாள் என்று புரிந்தது. கௌரம்மா உரித்த அவரையையே மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் இசக்கி படியேறி வந்தாள்.

"இருக்கோம் சார். ஆனா ரெண்டு விசயம். பதினோரு மாசத்துக்கு என் பேருல அக்ரிமென்ட் போடணும். பாப்பாவுக்கு ஸ்கூல்ல அட்ரஸ் குடுக்கணும்."

"மூணு வருஷத்துக்கே போடலாம். பதிவும் பண்ணிடலாம்."

"சரி. ரெண்டாவது, அந்த ரூமு எங்களுக்கு வேணும். எங்க அம்மாவ இங்கேயே கூட்டியாந்துருதேன். வாடகைய கூட்டிக்கிடுங்க."

கௌரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த அறையைக் கொடுத்துவிட்டால் நான் திரும்பி வருவதற்கு அந்த வீட்டில் இடம் இல்லை. நான் திரும்பி வரப்போவதில்லை என்பது கௌரம்மாவுக்குத் தெரியும், வித்யாவுக்குத் தெரியும், என் மனைவிக்கும் தெரிந்திருந்தது. அந்த அறை இருக்கும் வரை நான் மட்டும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எடுத்துக்கோம்மா" என்றேன். "நான் வந்தா மாடியில தங்கிக்கறேன்."

"அதுக்கு என்கிட்ட கேக்கணும் பாவா" என்றாள் கௌரம்மா.

அன்று சாயங்காலமே அலமாரியைக் காலி செய்தோம். நான்கு சட்டை, ஒரு குடை, மனைவியின் ஸ்வெட்டர். கட்டிலை மாடிக்கு ஏற்றலாம் என்று ஒரு முனையைப் பிடித்தேன். "அது கெடக்கட்டும் சார், எங்க அம்மாவுக்கு முட்டுவலி, தரையில படுக்க முடியாது" என்றாள் இசக்கி. விட்டுவிட்டேன். தன்ஷிகா கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்து, மேலே இருக்கும் மின்விசிறியை வெகுநேரம் பார்த்தாள். இத்தனை நாள் ஞாயிறுதோறும் அவளை வெயிலில் உட்கார வைத்தது நான்தான். அவள் என்னோடு இன்னும் பேசவில்லை. பேசச் சொல்லி அவளை யாரும் வற்புறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெங்களூர் விமான நிலையம் போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் என் வயதுதான். அமெரிக்காவில் மகனோடு இருக்கிறாராம். ஓசூரில் அவருக்கும் வீடு இருக்கிறது. பூட்டி வைத்திருக்கிறாராம். கரையான் வருகிறது, குழாய் துருப்பிடிக்கிறது, வாட்ச்மேன் சரியில்லை என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

"உங்க வீட்டைப் பாத்துக்க ஆள் இருக்கா சார்?" என்று கேட்டார்.

"பாத்துக்க யாரும் இல்லைங்க" என்றேன். "அஞ்சு பேர் குடியிருக்காங்க."